பட்டியலைச் சுருக்கும் முன் பணத்தைக் கேளுங்கள்

1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில். 1917இல் அந்தக் காலக்கெடு முடிந்ததும், லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. உதவித்தொகை எதுவரை வரும் என்ற கேள்வி இன்றும் நம் பிள்ளைகளை விடவில்லை.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கே. பிளஸ் 2 முடித்து இளநிலை படிக்க வெளிநாடு செல்ல நினைக்கும் தலித் மாணவருக்கு இவற்றில் இடமில்லை. அவர் நம்ப வேண்டியது அந்தந்தக் கல்லூரி தரும் உதவியைத்தான். ஆகவே, கல்லூரிப் பட்டியலைத் தரவரிசையை மட்டும் பார்த்துத் தயாரிக்கக் கூடாது.

அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமலே சேர்க்கின்றன. சேர்ந்தபின் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் ஏற்கின்றன. ஆனால், அங்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. இவற்றை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாம் வகைக் கல்லூரிகள் முழு உதவி தரும்; ஆனால் உதவி கேட்பவரா என்பதையும் பார்த்தே இடம் தரும். பட்டியலில் பெரும்பகுதி இவையாக இருக்கலாம். மூன்றாம் வகை, கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டும் தள்ளுபடி செய்யும். பாதிக் கட்டணம் தள்ளுபடி என்றால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு மீதிப் பாதி எங்கிருந்து வரும்? அவற்றைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு முழு உதவி உண்டா? நான்கு ஆண்டும் தொடருமா? விண்ணப்பக் கட்டணத்தில் விலக்கு உண்டா? 'இடம் கிடைக்கட்டும், பிறகு கேட்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி. வருமானச் சான்றை முன்பே வாங்கி வையுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஜனவரித் தொடக்கத்தில் பல கல்லூரிகளின் கெடு முடிந்துவிடும்.

நகரத்து வசதியான பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல, பணம் வாங்கும் ஆலோசகர் இருக்கிறார். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவிக்கு யார் இருக்கிறார்கள்? பிளஸ் 1 தொடங்கும்போதே விடுதிதோறும் வழிகாட்ட ஒருவரை அரசு நியமிக்க வேண்டும். அயலகத் திட்டத்தை இளநிலைக்கும் நீட்டிக்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் தகவல் இல்லாமல் ஒரு பிள்ளை வாய்ப்பை இழப்பதை அதன் தலைவிதி என்று நாம் விட்டுவிட முடியாது.