முகாம் மருமகளுக்கும் குடியுரிமை வேண்டும்



இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஆனால், போருக்கு அஞ்சிப் படகேறி ராமேசுவரத்தில் கரையேறிய இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்ததால் அவர் 'சட்டவிரோதக் குடியேறி'. உள்ளூர்க்காரரை மணந்து எத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்தினாலும் இதே நிலைதான். பிள்ளைகளின் கதி இன்னும் கொடுமை. 2004 டிசம்பர் 3 அன்றோ பிறகோ பிறந்திருந்தால், தகப்பன் இந்தியராக இருந்தும், தாயின் அந்த முத்திரையால் அவர்களுக்குப் பிறப்புரிமை கிடையாது.

கதவைத் திறந்தால் போலித் திருமணங்கள் பெருகும் என்பார்கள். ஏழாண்டு நிபந்தனை இருப்பதே அதைத் தடுக்கத்தானே? மறுவாழ்வு முகாமில் பதிவாகி, க்யூ பிரிவு போலீசாரின் கண்காணிப்பிலேயே வாழ்பவர்களைப் பற்றி அரசுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பதும் நியாயமில்லை. கணவனும் பிள்ளைகளும் இருக்கும் இடம்தான் அவர் ஊர். குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் மூன்று நாட்டினரை மட்டும் சேர்த்து இலங்கையை விட்டுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகமே விலக்களித்தது. தண்டிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையையும் நீக்க வேண்டும். குறைந்தபட்சம், இந்தியரை மணந்தவர்களின் விண்ணப்பங்களையாவது ஏற்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதை வலியுறுத்த வேண்டுகிறேன்.

- வாசகர், திருச்சி