தனித்தவர்களின் கதைக்குப் பக்கம் ஒதுக்குங்கள்

தமிழ் வார இதழ்களில் சிறுகதை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஐந்தாறு பக்கம் ஓடிய கதை இரண்டு பக்கமாகி, ஒரு பக்கமாகி, இப்போது கைப்பேசியில் விரலால் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் அளவுக்கு வந்திருக்கிறது. போட்டி அறிவிப்புகளிலோ சொல் எண்ணிக்கையோடு 'சமூகத்துக்கு நல்ல கருத்து' என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. இந்த இரண்டு கத்திரிகளுக்கும் முதலில் பலியாவது ஒரே வகைக் கதைதான்: யாரோடும் ஒட்டாத, ஊரார் 'ஆள் ஒரு மாதிரி' என்று சொல்லி நகர்ந்துவிடுகிற, தனித்துக் கிடக்கும் மனிதரின் கதை. அதை நாம் இழக்கக் கூடாது. இழந்துவிட்டுப் பிறகு விழா எடுத்துப் பயனில்லை.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைப் பாருங்கள். ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். அந்த உலகம் அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். படமெடுப்பு எதுவும் நடக்காத ஒரு மந்தமான காலத்தில், ஸ்டுடியோ அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒருவர் வருகிறார். புலி வேஷம் கட்டுபவர், பெயர் காதர். இப்போது ஒன்றும் இல்லையப்பா என்கிறார்கள். அவர் அங்கேயே, மேஜை நாற்காலிகளுக்கு நடுவே, புலியாகிவிடுகிறார். இருந்தவர்களுக்கு மூச்சு நின்றுபோகிறது. ஆட்டம் முடிந்த மறுகணம், பசியோடு கூசி நிற்கும் பழைய காதர்தான் எதிரில் இருக்கிறார். பிறகு அவருக்கென்று ஒரு காட்சியை யோசித்துக் கடிதம் போடுகிறார்கள். அந்த முகவரியில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வருகிறது.

இதை ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொன்னால் எந்த ஆசிரியரும் முதலில் வெட்டுவது தொடக்கத்தைத்தான். டிபன் இடைவேளை, வேலை இல்லாமலே நாற்காலியைத் தேய்க்கும் பொழுதுகள், அலுவலகச் சலிப்பு எல்லாம் போய்விடும். புலி மட்டும் மிஞ்சும். வித்தை காட்டிவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றிய செய்தித் துணுக்காகிவிடும். அந்தச் சலிப்பு இருப்பதால்தான், கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லாத ஓர் அறையில் ஒரு கலைஞன் எப்படிக் கைநழுவிப் போகிறான் என்பது நமக்குப் புரிகிறது. தனி மனிதனைக் காட்ட வேண்டுமானால் அவனைச் சுற்றி இருப்பவர்களையும் காட்ட வேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

தமிழ்ச் சிறுகதை காலூன்றியதே இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான். 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழைச் சுற்றி வந்த எழுத்தாளர்கள் எழுதியது யாரைப் பற்றி? புதுமைப்பித்தனின் 'மனித யந்திர'த்தில், வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியே தேய்ந்த கடைக் குமாஸ்தா ஒருநாள் கல்லாப் பணத்தோடு ரயில்வரை போய்விடுகிறார்; துணிவு வராமல் திரும்பி வந்து அதை இருந்த இடத்திலேயே வைக்கிறார். அவருக்குத் தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை. மறுநாளும் கடைக்குத்தான் போவார். மௌனி மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை தனக்குள்ளேயே அலையும் மனங்களைப் பற்றியவை. இவற்றில் 'கருத்து' எங்கே என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

வாசகர் நீளமாகப் படிக்க மாட்டார் என்பது பத்திரிகைத் தரப்பின் பதில். விற்பனை நெருக்கடி உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வாசகர்மீது பழி போடுவது சரியில்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில், லட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழில்தான் வந்தது; வீடு வீடாக விவாதம் நடந்தது. அது பழங்கதை என்பீர்கள். ஜெயமோகனின் 'சோற்றுக் கணக்கு' நேற்றைய கதைதானே? திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிபு அதிகம் பேசுவதில்லை, யாரிடமும் காசு கேட்பதில்லை. உண்டியலில் யார் என்ன போடுகிறார்கள் என்று திரும்பியும் பார்ப்பதில்லை. அந்த நீண்ட கதை வந்தது இணையத்தில், பிறகுதான் 'அறம்' தொகுப்பில். இன்றும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லிப் படிக்கிறார்கள். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பரவலாகப் போகும் இதழ்கள்தான் அந்த வாசலை மூடிவிட்டன.

சிறுகதைக்கு மதிப்பிலும் குறைவில்லை. வண்ணதாசனுக்கு 2016இலும் அம்பைக்கு 2021இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது சிறுகதைத் தொகுப்புகளுக்காகத்தான். 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்கின் சிறுகதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றன. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. விருது அறிவித்த அன்று எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கச் செய்தி போடுகின்றன. அடுத்த இதழில் கதைக்குப் பக்கம் கேட்டால் மட்டும் விளம்பரம் வந்துவிடுகிறது.

'ஏற்கெனவே நாட்டில் கவலைக்குப் பஞ்சமா, கதையிலுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல மனதோடு கேட்கிறார்கள். ஆனால் தனிமையை நாம் அச்சில் ஏற்றாவிட்டால் அது குறைந்துவிடாது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைப் பிரச்சினைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுவதாக உலக சுகாதார அமைப்பு 2025இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்ககத்தில் தனியே இருக்கும் ஒரு பெரியவர் மாலை நாலு மணிக்கு எதற்காக லிஃப்ட்டில் சும்மா கீழே இறங்கி மேலே வருகிறார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. கதை ஒன்றுதான் அவரோடு அந்த லிஃப்ட்டில் ஏறும். கதை படித்தால் தனிமை தீரும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது கதையை மீண்டும் கருத்து மாத்திரையாக்கிவிடும். எதிர்வீட்டுக்காரரைச் சற்று நிதானித்துப் பார்க்கும் பழக்கம் வருகிறதே, அது போதும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விநோத மனிதரை அலங்காரத்துக்கு வைக்கும் கதைகள் பெருகிவிட்டன. பேருந்து நிலையத்துப் பித்தர் வாயில் தத்துவத்தைத் திணிப்பது, தனித்து வாழும் பெண் என்றாலே மழையையும் ஜன்னலையும் கொண்டுவருவது எல்லாம் சோம்பல். திலீப்குமாரின் கதைகளில் வரும் சென்னை சௌகார்பேட்டை குஜராத்திக் குடித்தனங்களைப் படித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அவர் மனிதர்களுக்கு ஒண்டுக்குடித்தன நெருக்கடி உண்டு, பக்கத்து வீட்டுச் சண்டை உண்டு, கோணல்களும் உண்டு. அந்த மனிதர் எங்கே சாப்பிடுகிறார், வாடகை எப்படிக் கொடுக்கிறார் என்று தெரியாமல் அவருடைய தனிமையை எழுத முடியாது.

வார இதழ்களின் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இதழுக்கு ஒரு முழுநீளச் சிறுகதையேனும் போடுங்கள், திருப்பம் இல்லை என்ற காரணத்துக்காக எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். போட்டி நடத்துகிறவர்கள் 'நல்ல கருத்து' நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். தமிழாசிரியர்கள் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்ற கேள்வியை நிறுத்திவிட்டு, இந்த மனிதர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்று மாணவர்களைப் பேசவிட வேண்டும். தமிழ்நாட்டில் மக்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. அந்தப் பணத்தில் புதிய எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புகளை, வெளிவந்த ஆண்டிலேயே, கிளை நூலகங்கள்வரை வாங்கிச் சேர்ப்பது பொது நூலகத் துறையின் கடமை. அதை இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும்.