நிலை அறியாத நாம்

குத்துச்சண்டை முரட்டுத்தனமாம். புறநானூறு நடத்தும் நண்பர் ஒருவர் சொல்கிறார்.

80ஆம் பாட்டில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருகிறான். ஒரு கால் அவன் மார்பை அழுத்துகிறது. மறுகால் அவன் எதிர்ப்பைத் தடுக்கிறது. சாத்தந்தையார் கண்டது வலிமையை மட்டுமன்று, நிலையை. நாமோ திணை, துறை எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம்.

மற்போர் வேறு, குத்துச்சண்டை வேறுதான். ஆனால் இரண்டுக்கும் காலே உயிர். வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளை 2021இல் பா. ரஞ்சித் படமெடுத்த பிறகே நம்மில் பலர் அறிந்தோம்.

முத்தாண்டிக்குப்பத்தில் நாற்பது கடந்து இதைப் பழகினேன். இடக்கால் முன்னே, முகவாய் தோளுக்குள், வலக்கை கன்னத்தருகே. குத்தக் கற்குமுன் நிற்கக் கற்க வேண்டும். அதன்பிறகே அப்பாட்டு எனக்குப் புரிந்தது. உடலை இகழ்பவர் புறத்திணையை எப்படிக் கற்பிப்பார்?