டோக்கன் காட்டு... உள்ளே வா!

2016 ஜூலை 6. ‘போகிமான் கோ’ என்ற மொபைல் விளையாட்டு வெளியானது. தெருத்தெருவாக நடந்து, போன் திரையில் தோன்றும் குட்டி விலங்குகளைப் பிடிக்கும் விளையாட்டு. முதலில் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கையோடு அமெரிக்கா.

இத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது, அதை உருவாக்கிய நியான்டிக் நிறுவனம். மிஞ்சி மிஞ்சிப் போனால் அதைப்போல 5 மடங்கு வரலாம் என்று இன்னொரு கணக்கும் இருந்தது. வந்ததோ 50 மடங்கு! முதல் கால் மணி நேரத்திலேயே எல்லாக் கணக்கும் தப்பிப்போனது. ஆரம்ப நாட்களில் சர்வர்கள் திணறின. உள்ளே நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள்.

அடுத்து ஜூலை 22-ம் தேதி ஜப்பானில் வெளியீடு. போகிமான் பிறந்த ஊரே அதுதான். கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அதற்குள் பொறியாளர்கள் செய்த முக்கியமான வேலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ‘கன்டெய்னர் க்ளஸ்டரில்’ இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைச் சேர்க்க வழி செய்தது. அமெரிக்க வெளியீட்டைப்போல 3 மடங்கு புதிய ஆட்டக்காரர்கள் ஜப்பானில் குவிந்தார்கள். இந்த முறை எந்தச் சிக்கலும் இல்லை.

கன்டெய்னர் க்ளஸ்டர் என்றால் என்ன? அதில் புதிய கம்ப்யூட்டரை எப்படிச் சேர்க்கிறார்கள்?

பெரிய அண்டாவா, இன்னொரு அடுப்பா?

கல்யாண வீட்டில் 300 பேருக்குச் சமையல் நடக்கிறது. திடீரென்று 3,000 பேர் வருகிறார்கள் என்று தகவல். ஒரே அடுப்பில் இன்னும் பெரிய அண்டாவை ஏற்றலாம். ஆனால் அண்டாவுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த ஒரே அடுப்பு அணைந்துவிட்டால் பந்தியே நின்றுவிடும். விவரம் தெரிந்த சமையல்காரர் பக்கத்தில் இன்னும் 10 அடுப்புகளை மூட்டுவார்.

கம்ப்யூட்டர் உலகிலும் இதே கதைதான். பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒன்றுபோல வேலை வாங்குவதற்குப் பெயர் க்ளஸ்டர். அதில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு ‘நோட்’. எழுதும் நோட்டு இல்லை; கரும்பில் கணு என்கிறோமே, அந்தக் கணு.

பெட்டிக்குள் எல்லாம்

கன்டெய்னர் என்ற பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவில் லாரி கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன், 58 உலோகப் பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி ஏற்றிய வேலை மாறியது. உள்ளே என்ன இருந்தால் என்ன? வெளியே பெட்டியின் அளவு ஒன்றுதான் என்றால், எந்த கிரேனும் தூக்கும், எந்த லாரியும் சுமக்கும்.

மென்பொருளிலும் அதைத்தான் செய்தார்கள். ஒரு புரோகிராம், அது ஓடத் தேவையான துணைக் கோப்புகள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவது. 2013-ல் வந்த ‘டாக்கர்’ இதை எளிதாக்கிப் பரப்பியது. “என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடியது?” என்ற பழைய புலம்பல் பெருமளவு குறைந்தது.

மேஸ்திரி யார்?

பெட்டி 10 இருந்தால் கையால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால்? எது எந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும், நின்றுபோனால் யார் மறுபடி கிளப்புவது என்று மேற்பார்க்க ஒரு மேஸ்திரி வேண்டும். வாரத்துக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கிளப்புவதாக 2014-ல் சொன்ன கூகுளுக்கு, இதில் பல வருட அனுபவம். அந்த அனுபவத்திலிருந்து உருவான ‘குபர்நெட்டிஸ்’ மென்பொருளை அதே ஆண்டு ஜூன் மாதம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தது. போகிமான் கோ ஓடியதும் இதன் மேல்தான்.

அது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். நம் பழந்தமிழில் மீகாமன். அதனால்தான் அதன் சின்னமும் ஒரு சுக்கான் சக்கரம்.

இந்த மீகாமனிடம் “இதைச் செய், அதைச் செய்” என்று படிப்படியாகச் சொல்ல வேண்டியதில்லை. “இந்தப் பெட்டி எப்போதும் 10 பிரதி ஓட வேண்டும்” என்று சொன்னால் போதும். 9 ஆகக் குறைந்தால் ஒன்றைக் கிளப்பும். 11 ஆனால் ஒன்றை நிறுத்தும்.

க்ளஸ்டர் கட்டுவது

முதலில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ், கன்டெய்னரை ஓட்டும் மென்பொருள், மேஸ்திரியின் உத்தரவைக் கேட்டு நடக்கும் ‘க்யூப்லெட்’ என்ற உள்ளூர் ஆள் ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2 ஜிபி ராம் தேவை.

பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, ராம் நிறைந்தால் ஹார்டு டிஸ்க்கை இரவல் வாங்கும் ‘ஸ்வாப்’ வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால், சாதாரண அமைப்பில் க்யூப்லெட் கிளம்பவே மறுக்கும். மற்றொன்று, ஒரே கம்ப்யூட்டரை நகலெடுத்து இரண்டாக்குவது. பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருந்தால், மேஸ்திரிக்கு யார் யாரென்று தெரியாது.

பிறகு, தலைமை தாங்கப் போகும் கம்ப்யூட்டரில் ‘இனிட்’ கட்டளை. அது பாதுகாப்புச் சான்றிதழ்களை உருவாக்கும். யார் எங்கே என்ற பதிவேட்டைத் திறக்கும். கடைசியில் திரையில் ஒரு நீளமான வரியைக் காட்டும். மற்றவர்கள் சேர்வதற்கான அழைப்பிதழ் அதுதான்.

அடுத்து, பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஒரு நெட்வொர்க்கைத் தனியாக நிறுவ வேண்டும். இதை மறந்தால் நோட்கள் எல்லாம் பட்டியலில் தெரியும். ஆனால் எதிரில் ‘தயார் இல்லை’ என்றே நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது.

புதிய நோட் வருகிறது

இப்போது புதிய கம்ப்யூட்டரில் அந்த அழைப்பு வரியை ‘ஜாயின்’ கட்டளையாகக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று டோக்கன். “நான் அழைக்கப்பட்டவன்” என்று க்ளஸ்டரிடம் காட்டுவதற்கு. இன்னொன்று, க்ளஸ்டரின் தலைமைச் சான்றிதழுக்கான ரேகை. “நான் சேர்வது சரியான வீட்டில்தானா?” என்று புதியவர் சரிபார்ப்பதற்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல, மாப்பிள்ளை வீட்டாரும் விசாரிக்கிறார்கள்.

டோக்கனுக்குச் சாதாரணமாக ஆயுள் 24 மணி நேரம். நேற்றைய வரியை இன்று மாலை கொடுத்தால் கதவு திறக்காது. புதிய டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே வந்ததும் அந்த நோடுக்கென்று சொந்தச் சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் டோக்கன் தேவையில்லை.

சேர்ந்த நோட் முதலில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். மற்ற நோட்களில் ஓடும் பெட்டிகள் தாமாக எழுந்து இங்கே வராது. இனி புதிதாகக் கிளம்பும் பெட்டிகளுக்குத்தான் இங்கே இடம் ஒதுக்கப்படும். “சேர்த்தும் பாரம் குறையவில்லையே!” என்று பதறுபவர்களுக்குப் பதில் இதுதான்.

ஒருவர் விழுந்தால்...

ஒவ்வொரு நோடும் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குரல் நின்று ஒரு நிமிடம் ஆவதற்குள் மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் உடனே அவசரப்படாது. நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம் அல்லவா? வழக்கமான அமைப்பில் 5 நிமிடம் பொறுக்கும். அப்போதும் பதில் இல்லையென்றால், அங்கே ஓடிய பெட்டிகளுக்குப் பதிலாக வேறு நோட்களில் புதியவற்றைக் கிளப்பும்.

தலைமைக் கம்ப்யூட்டரே விழுந்தால்? ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஓடும். புதிய உத்தரவு எதுவும் போகாது. அதனால் பெரிய இடங்களில் தலைமைக்கு 3 கம்ப்யூட்டர் வைப்பார்கள். 2 ஏன் போதாது? பதிவேட்டில் எதை எழுதவும் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். 2 பேரில் பெரும்பான்மை என்றால் 2 பேருமே. ஒருவர் விழுந்தாலும் எழுத்து நின்றுவிடும். 3 பேர் இருந்தால் ஒருவர் விழுவதைத் தாங்கலாம். 5 பேர் என்றால் இருவர்.

திறந்து கிடந்த கதவு

இவ்வளவு எளிதாக ஆள் சேர்க்க முடிகிற இடத்தில் காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் ‘ரெட்லாக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைச் சொன்னது. கார் தயாரிப்பாளர் டெஸ்லாவின் குபர்நெட்டிஸ் கட்டுப்பாட்டுத் திரை ஒன்று, பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே புகுந்தவர்கள் அந்தக் கம்ப்யூட்டர்களை வைத்துக் கள்ளத்தனமாக கிரிப்டோகரன்சி தோண்டினார்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பயன்பாட்டைக் குறைவாகவே வைத்திருந்தார்கள்.

24 மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் தொந்தரவாகத் தோன்றலாம். அந்தத் தொந்தரவுதான் பூட்டு. அழைப்பு வரியை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, ஆயுளே முடியாத டோக்கன் உருவாக்குவது எல்லாம் சாவியை வாசல் மிதியடிக்கு அடியில் வைப்பதற்குச் சமம்.

கூட்டம் கலைந்ததும் நோட்களைக் குறைப்பதும் முக்கியம். வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் சும்மா நின்றாலும் பில் ஓடும். அப்போதும் சட்டென்று அணைக்கக் கூடாது. முதலில் ‘இனி இங்கே புதிய பெட்டி வேண்டாம்’ என்று குறிக்க வேண்டும். பிறகு இருப்பவற்றை வேறிடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். கடைசியில்தான் ஸ்விட்ச்.

இதைக் கற்க லட்ச ரூபாய் சர்வர் வேண்டாம். ஒரே லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க ‘மினிக்யூப்’ இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு ‘கே3எஸ்’ இருக்கிறது. இரண்டும் இலவசம். கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ வீட்டில் இருந்தால், 3 பழைய கம்ப்யூட்டர்களை இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன இணையப் பக்கத்தை அதில் ஓடவிடட்டும். பிறகு, தலைமைக் கம்ப்யூட்டரைத் தொடாமல், மற்ற இரண்டில் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையில் கடிகாரத்துடன் 6 நிமிடம் காத்திருக்கட்டும். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாதது அந்த 6 நிமிடத்தில் புரிந்துவிடும்.