செத்துப்போகாத மின்னஞ்சல்

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பஸ் அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கினால், மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேச நேரம் கிடைத்துவிடும். அங்கே அடிக்கடி என் காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "மெயில்ல பேட்ச் அனுப்புறதெல்லாம் கிழவங்க வேலை சார். கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் போட்டோமா, மெர்ஜ் ஆச்சா, முடிஞ்சுது." பேட்ச் என்றால் நிரலில் செய்யும் திருத்தம்; புல் ரிக்வெஸ்ட் என்றால் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி கிட்ஹப் தளத்தில் வைக்கும் கோரிக்கை. கட்டற்ற மென்பொருளில் பிறர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பதற்கு இணையப் பக்கம்தான் எல்லோருக்கும் திறந்த கதவாம். மின்னஞ்சல், பழைய ஆட்கள் புதியவர்களை அண்டவிடாமல் போட்ட முள்வேலியாம்.

இதைச் சொல்கிறவர் ஓட்டுகிற வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஓசூர் ஆலையில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் தொடுதிரை ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு நிரலைச் சரிபார்ப்பது கெரிட் என்ற இணையச் செயலியில். அதற்கு அடியில் கிடக்கும் லினக்ஸ் கர்னலைச் சரிபார்ப்பதோ இன்றைக்கும் பெரும்பாலும் மின்னஞ்சலில். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு; ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள். கிழவர்கள் வேலை என்றால், கிழவர்கள் நன்றாகவே உழைக்கிறார்கள். கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்ற கருவியையே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இந்தக் கர்னல் வேலைக்காகத்தான் எழுதினார். கிட்ஹப் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 2008-இல்.

அஞ்சலில் பேட்ச் அனுப்புகிறவர், எதை மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்றும் கடிதமாக எழுதியாக வேண்டும். படிக்கிறவர் சந்தேகப்பட்ட வரியை மேற்கோளாக வைத்து, அதன் கீழேயே கேள்வி கேட்பார். பதில் சரியில்லையென்றால் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போகும். சிப்காட் ஆலைகளில் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறவர்களுக்கு இது புரியும்: ரிஜெக்ட் ஆன பாகத்தோடு காரணமும் எழுதி வரவேண்டும். இணையப் பக்கத்திலும் இப்படிப் படிக்கலாம், படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மெர்ஜ் செய்யும் பச்சைப் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. கை அதற்குத்தான் முதலில் போகும்.

அனுப்புவதும் பொத்தான் அழுத்தும் வேலையாக எளிதானதன் விளைவை நம் நாட்டுப் பிள்ளைகளே உலகுக்குக் காட்டினார்கள். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல், நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-சர்ட் என்றார்கள். திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று இந்திய யூடியூப் வீடியோ ஒன்று வழி காட்டியது. குப்பை மலைபோல் குவிந்தது. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடத்தியவர்கள் பாதியில் விதியை மாற்றினார்கள். 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்திலும் இதே கதை: வீடியோ பாடத்தைப் பார்த்துத் தங்கள் பெயரை ரீட்மீயில் செருக ஏராளமானோர் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. கிட்ஹப் புரொஃபைலில் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டம் நிறைந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்த நம்மைத்தான் திட்ட வேண்டும்.

அஞ்சலில் தொல்லை இல்லையா? உண்டு. என் முதல் பேட்ச் திரும்பி வந்தது. நான் பயன்படுத்திய அஞ்சல் பக்கம் டேப்களை எல்லாம் வெற்றிடங்களாக மாற்றியிருந்தது. இரண்டாவதும் திரும்பியது, அலுவலக அஞ்சல் தானாக ஒட்டிய "இது ரகசியம்" என்ற அடிக்குறிப்பு காரணம். பதிலே வராமல் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கும் பேட்ச்களும் உண்டு. ஆனால் முதல் இரண்டும் ஒரு சாயங்காலத்தில் தீரும் சிக்கல்கள். மூன்றாவது, கிட்ஹப்பிலும் அப்படியே இருக்கிறது.

கதவு திறந்திருக்கிறது என்கிறவர்கள், சாவி யாரிடம் என்று கேட்பதில்லை. 2014 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொன்ன 32 இணைய முகவரிகளில் கிட்ஹப்பும் ஒன்று. 2019-இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரீமியாக்காரர்களின் கணக்குகளை அந்த நிறுவனமே முடக்கியது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் ஓர் அஞ்சல் குழுவில் எழுதி அம்பலப்படுத்தினார். உடனே கிட்ஹப் அந்தத் திட்டத்தின் பக்கத்தையே மூடியது. சதியை ஆராய வந்தவர்களுக்கு அங்கிருந்த நிரலும் உரையாடலும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் அஞ்சல் குழுவுக்கு வந்த பழைய கடிதங்கள் காப்பகத்தில் அப்படியே இருந்தன. ஓய்ந்துபோயிருந்த பராமரிப்பாளரைப் பொறுப்பைக் கைமாற்றச் சொல்லி நெருக்கிய கடிதங்களும் அவற்றில் இருந்தன. அஞ்சல் புனிதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாட்சியம் யார் கையிலும் பூட்டிக் கிடக்கவில்லை.

சில திட்டங்கள் இணையத்துக்கு மாறியிருக்கின்றன; அவற்றுக்கு அதற்கான காரணம் இருக்கும். மாறாதவர்களைப் பத்தாம்பசலி என்பதுதான் பிசகு.

அடுத்த முறை அத்திப்பள்ளியில் பஸ் நின்றால், கர்னலில் இன்னும் செம்மையாகாத நிரல் கிடக்கும் ஸ்டேஜிங் அடைவைத் திறந்து பாருங்கள். சிறிதாக ஒன்றைத் திருத்துங்கள். கர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற கருவி சொல்லும் குறைகளைச் சரிசெய்து, யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர் என்ற கருவியிடம் கேளுங்கள். அந்தக் கடிதத்தை முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள். டேப் உடையாமல் வந்து சேர்ந்தால், மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.