தெரியும் நங்கி, யார் திருப்புறது?

போன வருசம் மழைக்காலத்தில், எங்களில் ஒருத்தியின் அப்பாயியைப் பார்க்க நாங்கள் நாலு பேர் கினிகத்தேனையில் பஸ் ஏறி ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனோம். அப்பாயிக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் அசைவே இல்லை. வருசக்கணக்காகக் கொழுந்துக்கூடை சுமந்த அந்த முதுகுக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் சிவந்து கிடந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அம்மா, "பவுடர் போட்டு நல்லா தேய்ச்சு விடுங்க புள்ள" என்றார்.

தோழி போனில் தேடினாள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. ஓடிப்போய்த் தாதியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார்: "தெரியும் நங்கி. யார் திருப்புறது? ராத்திரிக்கு இந்த வாட்டு முழுக்க நாங்க ரெண்டு பேர்."

அந்தப் பதிலை எங்களால் மறக்க முடியவில்லை. அதற்கு முன்னால் நாங்களும் ஊரோடு சேர்ந்து ஒத்து ஊதியவர்கள்தான். "நர்ஸ்மார் எங்க வாசிக்கிறாங்க? ட்ரெயினிங் ஸ்கூல்ல படிச்சத வச்சே பென்சன் வரைக்கும் ஓட்டுறாங்க." கருத்தரங்குகளிலும் இதே பேச்சு கொஞ்சம் நாகரிகமாக வரும்: தாதியர் ஆய்வு முடிவுகளை நடைமுறையில் பயன்படுத்துவதில்லை, விழிப்புணர்வு போதாது, ஒரு வேர்க்ஷொப் வைப்போம்.

சரி, ஆராய்ச்சி என்றே பேசுவோம். 1991இல் அமெரிக்காவில் ஃபங்க் என்பவரும் அவருடைய குழுவினரும், ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்த எது தடையாக இருக்கிறது என்று தாதியரிடமே கேட்டார்கள். பட்டியலின் உச்சியில் வந்த பதில்கள்: நோயாளர் பராமரிப்பு முறையை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை, வேலை நேரத்தில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நேரமில்லை. அதற்குப் பிறகு பல நாடுகளில் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அதிகாரமும் நேரமும் திரும்பத் திரும்ப மேலே வருகின்றன. வேர்க்ஷொப் வைத்தால் இந்த ரெண்டும் கிடைத்துவிடுமா?

இன்னொரு மூடநம்பிக்கையும் இருக்கிறது: ஆராய்ச்சி டொக்டர்மாருடைய சொத்து, தாதி அதைப் பின்பற்றினால் போதும் என்பது. படுக்கைப்புண் விசயத்தையே எடுங்கள். அதை முறையாக ஆராய்ந்தவர் டொரீன் நோர்டன் என்ற தாதி. லண்டனில் முதிய நோயாளரைக் கவனித்து 1962இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட வேலையில் இருந்துதான், யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று ஐந்தே விசயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிற நோர்டன் அளவுகோல் வந்தது. அதற்கு நூறு வருசத்துக்கு முன்பே, 1858இல், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களின் கணக்கை வரைபடமாகப் போட்டு, காயத்தைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். கையில் விளக்கோடு நிற்கிற படத்தைப் பாடப்புத்தகத்தில் போட்டவர்கள் அந்த வரைபடத்தைப் போட மறந்துவிட்டார்கள்.

காசே தேவைப்படாத ஆராய்ச்சி முடிவுகளும் இருக்கின்றன. அவைதான் எங்களுக்கு அதிகம் கோபம் தருகின்றன. 1980இல் குவாத்தமாலாவில் ஓர் ஆய்வு வந்தது. பிரசவ வலியில் இருந்த பெண்கள் சிலரோடு முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூடவே இருக்கவிட்டார்கள். கையைப் பிடித்தாள், முதுகைத் தடவினாள், பேசினாள், அவ்வளவுதான். சிக்கலில்லாமல் பெற்றவர்களில், துணை இருந்தவர்களுக்குப் பிரசவம் சராசரி 8.8 மணித்தியாலம். தனியே கிடந்தவர்களுக்கு 19.3. விரும்பிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. பிரசவத்துக்கு முன் எல்லோருக்கும் எனிமா கொடுப்பதையும் மயிர் மழிப்பதையும் கைவிடச் சொல்லி 1996லேயே எழுதியிருக்கிறது.

எங்கள் அம்மாமார், அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் தனியாக, பாஷை தெரியாமல், ஏச்சு வாங்கிக்கொண்டு பெற்றார்கள் என்று சொல்வார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தோட்டத்துப் பெண் என்றால் ஒரு குரல், டவுன் பெண் என்றால் இன்னொரு குரல் என்று பேசுகிற தாதிமாரும் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை அதற்குச் சாட்டு ஆகாது. மரியாதையாகப் பேச எந்தச் சுற்றறிக்கையும் வர வேண்டியதில்லை. ஆனால் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு ஆளை விடுவதா என்பதை அந்தத் தாதி தனியாகத் தீர்மானிக்க முடியாது. அது விசேட வைத்தியரிடமும், மேட்ரனிடமும், இடவசதியிடமும் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பாஷைக்கு வருவோம். "நெஞ்சு கரிக்குது", "மேலெல்லாம் கடுக்குது", "கிறுகிறுனு வருது". இந்த மூன்றும் மூன்று வேறு கதைகள். தமிழ் தெரியாத தாதிக்கு மூன்றும் ஒரே "வலி"யாகத்தான் போய்ச் சேரும். மொழிபெயர்க்கிறது யார்? பக்கத்துக் கட்டில் ஆள், அட்டெண்டன், சில நேரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பொஸ்டன் நகரச் சிறுவர் கிளினிக்குகளில் இதைப் பதிவு செய்து 2003இல் வெளியிட்டார்கள்: ஒரு சந்திப்புக்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். ஆபத்தாகக்கூடிய பிழைகளின் விகிதம் வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளரிடம் 53 சதவீதம், அகப்பட்ட ஆளைப் பிடித்துப் பேசவைத்தபோது 77. தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். நாங்கள் பிறப்பதற்கு முன்னால்! தமிழ் தெரிந்த தாதியை வாட்டில் நிறுத்துவதும் ஆதாரம் சார்ந்த பராமரிப்புத்தான். அதை மொழி உரிமைக்காரர்களின் தொல்லை என்று ஒதுக்காதீர்கள்.

கடைசியாக ஓர் ஆய்வு. 2002இல் லிண்டா எய்க்கென் என்ற தாதியும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்தார்கள். ஒரு தாதி பார்க்கும் நோயாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், சத்திரசிகிச்சை நோயாளர் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது. கலிபோர்னியா 1999இல் சட்டமே போட்டு, ஒரு தாதிக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. "ஆராய்ச்சிப்படி வேலை செய்" என்று தாதியிடம் சொல்கிறவர்கள், இந்த ஆராய்ச்சிப்படி ஆள் போடுவார்களா? 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் வந்து திறந்தார். எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் கட்டில் யாரையும் திருப்பிப் படுக்க வைக்காது. மலையகத்தில் எந்த வைத்தியசாலையைத் திறந்தாலும், கட்டில் எண்ணிக்கையோடு சேர்த்து இரவு வேலைத் தாதியர் எண்ணிக்கையையும் மேடையில் அறிவியுங்கள்.

"ஆர்ட்ஸ் பெகல்டி பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?" என்று கேட்பீர்கள். அந்தக் கட்டில்களில் படுக்கிறவர்கள் எங்கள் ஆட்கள். அது போதாதா?

அப்பாயியின் சிவப்பு ஒரு வாரத்தில் புண்ணாக உடைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, லயத்துப் பெண்கள் முறை வைத்து, ராத்திரியில் போனில் அலாரம் வைத்து, அவரைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். நோர்டன் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. தோழி சொன்னாள், செய்தார்கள். ஆறு பெண்கள், பன்னிரண்டு கை. கிளினிக்கில் இருந்து வந்து மருந்து கட்டினார்கள். புண் மெதுவாக ஆறியது.

அடுத்த முறை யாரையாவது பார்க்க வாட்டுக்குப் போனால், தாதியோடு சண்டை பிடிக்க முன்னால் ஒன்று கேளுங்கள்: "மிஸ், இன்னைக்கு ராத்திரி எத்தனை பேர் டியூட்டி?" அந்தப் பதிலை எழுதி வையுங்கள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிறவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டுங்கள்.