பலகையைத் திருத்தியாச்சு, அப்புறம்?

எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒருநாள் காலை ஒரு படம் வந்தது. பேருந்து ஒன்றின் நெற்றிப் பலகையில் ‘அருணாச்சலம்’ என்று இருந்தது. படத்துக்குக் கீழே, “திருவண்ணாமலையைக் காணோம். தமிழா, இன்னுமா தூக்கம்?” என்று ஒரு வரி. எந்தப் பேருந்து, யார் எடுத்த படம், எப்போது எடுத்தது, ஒரு விவரமும் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்கப் போனேன்.

இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கீழே நான் திட்டப்போகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நான் பள்ளியில் படித்த காலத்தில் பௌர்ணமிக் கூட்டம் என்றால் சென்னை, வேலூர், விழுப்புரம், பெங்களூர் பக்கத்திலிருந்து வரும். கடந்த சில வருடங்களில் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். தெலுங்கு ஆன்மிகச் சொற்பொழிவுகளும் யூடியூபும் சேர்ந்து செய்த வேலை. அவர்களுக்கு இந்த ஊரின் பெயர் அருணாசலம். அவர்கள் ஊர்ப் பேருந்துகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள், செல்போனில் அப்படித்தான் தேடுகிறார்கள். இங்கேயும் விடுதி வாசல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் தெலுங்குப் பலகைகள் வந்துவிட்டன. பேருந்து நிலையத்தில் ஆட்டோக்கார அண்ணன்கள் “ரண்டி அம்மா, ரண்டி” என்று கூப்பிடுவதைக் கேட்டால், ராஜமுந்திரியில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வரும்.

இந்தப் பெயர்ப் பயத்தை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. மறைக்காடு வேதாரண்யம் ஆனது. தேவாரம் பாடிய மூவரும் இன்றைக்குத் திரும்பி வந்தால் டைம் கீப்பரிடம் விசாரித்துத்தான் பேருந்து ஏறவேண்டும். மாயூரத்தை மயிலாடுதுறை என்று மாற்ற 1982 வரை ஆனது. ஆகவே அரசுப் பலகையில், ரயில் நிலையத்தில், திருவண்ணாமலை என்றே இருக்கவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தப்பாக எழுதியிருந்தால் டெப்போவுக்கு ஒரு மனு போதும். இப்போதெல்லாம் எல்.இ.டி. பலகை என்பதால் பெயின்டரைக்கூடத் தேடவேண்டாம். பட்டனைத் தட்டினால் தமிழ் காப்பாற்றப்பட்டுவிடும்.

ஆனால் பேச்சு பலகையோடு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் பலகையிலிருந்து இறங்கி மனிதர்கள்மேல் ஏறிவிட்டது. “வந்தேறிங்க ஊரையே வாங்கிடுவானுங்க.” “கோயிலே அவனுங்களுதாயிடுச்சு.” “அடுத்த பௌர்ணமிக்கு பார்டர்லயே நிறுத்தணும் மச்சான்.” இன்னொரு பக்கம் வேறொரு காவல்படை கிளம்பியது. அருணாசலம்தான் ஆதிப்பெயராம், புராணத்தில் இருக்கிறதாம், திருவண்ணாமலை என்பது உள்ளூர் வழக்காம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் அண்ணாமலை என்று பாடியதை இவர்கள் உள்ளூர் வழக்கு என்கிறார்கள். இரண்டு படைக்கும் நடுவே எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது.

இந்த ஊரின் கதை தெரிந்தவர்களுக்கு இரண்டு படையுமே சிரிப்பு மூட்டும். 1895 நவம்பரில் மதுரையில் ஒரு பள்ளிக்கூடப் பையன், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறான். அருணாசலத்திலிருந்து என்கிறார் அவர். அது எங்கே இருக்கிறது என்று பையன் கேட்க, திருவண்ணாமலை தெரியாதா, அதுதான் அருணாசலம் என்கிறார். கேட்டவனும் சொன்னவரும் தமிழர்கள். அடுத்த வருடம் செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்துசேர்ந்த அந்தப் பையன் ரமணர் ஆனார். அவர் இங்கே உட்கார்ந்து எழுதிய அட்சரமணமாலை தமிழ்ப் பாட்டு. அதில் கூப்பிடுகிற பெயர் அருணாசலம்.

அருணகிரிநாதரின் பெயரிலேயே அருணகிரி இருக்கிறது. அவர் திருப்புகழில் இந்த ஊரை அருணை என்கிறார். சைவ எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்தையும் அருணைக் கலம்பகத்தையும் தமிழில்தான் எழுதினார். 1997-ல் ரஜினிகாந்த் ‘அருணாச்சலம்’ என்று படம் நடித்தபோது தமிழ் அழிந்துவிட்டதாக ஒருவரும் தீக்குளிக்கப் போகவில்லை. விசிலடித்துவிட்டு வந்தோம். ஒரே மலைக்கு இரண்டு பெயர். தமிழர்கள் பல நூறு வருடங்களாக இரண்டையும் புழங்கியிருக்கிறார்கள். அண்ணாமலை என்றால் எட்டமுடியாத மலை, அருணாசலம் என்றால் சிவந்த மலை. மலைக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி “கோயிலை அவனுங்க பிடிச்சுட்டானுங்க” என்பதற்கு வருவோம். நாம் நிமிர்ந்து பார்த்துப் பெருமைப்படுகிற 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ எழுதிய அதே ராயர். முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். உள்ளே இருக்கும் வல்லாள கோபுரம் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளனின் பெயரைத் தாங்கியது. கன்னடம் பேசிய அரச வம்சம். டெல்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு அந்த ராஜா இந்த ஊரைத்தான் தலைநகராக வைத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, அதனால் அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்று ஒரு கதை. கதையோடு விட்டுவிடவில்லை. இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு வரைக்கும் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். கன்னடத்து அப்பாவுக்கு வருடா வருடம் திவசம் செய்கிற சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு, தெலுங்குக் கிழவியைப் பார்த்து வந்தேறி என்கிறோம். சாமி ஒன்றும் சொல்வதில்லை. கல் என்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

கிழவி என்று சும்மா சொல்லவில்லை. கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை. அறுபத்தைந்து எழுபது வயது அம்மா ஒருவர், கூடவே மகளும் பேரப்பிள்ளையும். மூன்று பேரும் வெறுங்காலோடு பாதி வழி நடந்து களைத்திருந்தார்கள். நான்கு பையன்கள், எல்லாம் இருபது இருபத்திரண்டு வயசு, “பாட்டி, இது என்னா ஊரு?” என்று தொடங்கினார்கள். “அருணாசலம் பாபு” என்றார் அவர். “இல்ல, திருவண்ணாமலை. சொல்லு.” ஒருவன் போனை எடுத்து வீடியோ எடுத்தான். அந்த அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. ஏதோ மந்திரம் சொல்லித்தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல. எழுந்து நின்று, மலையைப் பார்த்துக் கைகூப்பி, “திருவண்ணாமல, திருவண்ணாமல” என்று மூன்று தரம் சொன்னார். மகளுக்குப் புரிந்துவிட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. டீக்கடை அண்ணன்தான், “ஏன்டா, அவங்க குடுத்த காசுல தாண்டா என் பொண்ணு காலேஜ் போவுது” என்றார். அந்தப் பையன்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்குத் தீவிரவாதம் என்றால் துப்பாக்கி, குண்டு, தலைமறைவு என்றுதான் மனதில் படம் ஓடும். பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற என்னைப் போன்ற ஆள்கள் இல்லாமல் அது நாலு நாள்கூட நிற்காது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊரின் கணக்கையும் சொல்லவேண்டும். பௌர்ணமியன்று அறை வாடகை எப்படி ஏறும் என்று இங்கே வந்தவர்களுக்குத் தெரியும். ஆட்டோ கட்டணத்தில் தமிழுக்கு ஒரு விலை, தெலுங்குக்கு ஒரு விலை. பகலில் “ரண்டி ரண்டி”, ராத்திரி குழுவில் “வந்தேறி”. கல்லாவைப் பூட்டியபிறகு வருகிற மொழிப்பற்று இது. தெலுங்குப் பலகையை மாட்டியது ஆந்திராக்காரன் இல்லை, நம்ம ஊர் முதலாளிதான்.

“அது வேற, பேர் விஷயம் வேற. பேர் மானப் பிரச்னை” என்பீர்கள். சரி, பெயரையே பேசுவோம். பேருந்தின் பெயரையே பேசுவோம். எங்கள் மாவட்டம் 1989-ல் வடாற்காட்டிலிருந்து பிரிந்தபோது அதன் பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். அப்போது மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், மன்னர்கள் பெயரை வைப்பது வழக்கம். 1997-ல் தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. வெள்ளையரை எதிர்த்த கட்டபொம்மனின் தளபதி, தலித் சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் ஆனது, உயிர்கள் போயின. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்து எல்லாப் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. எங்கள் சம்புவராயரும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டார். பேருந்துப் பலகையில் தமிழனின் பெயரைத் தாங்கமுடியாமல் அழித்தவர்கள் தெலுங்கர்கள் இல்லை. அன்றைக்கு “தமிழா, இன்னுமா தூக்கம்” என்று யாரும் கேட்கவில்லை. தமிழன் நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தான்.

பழைய கதை என்றால் புதியதும் இருக்கிறது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர். அங்கே அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் போனார்கள். சுமார் எண்பது வருடங்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள், போலீஸ் காவலோடு, பொங்கல் வைக்கப் பானையோடு உள்ளே போனார்கள். தடுத்தவர்களும் தமிழர்கள், தடுக்கப்பட்டவர்களும் தமிழர்கள். ஊரின் பெயர் சுத்தத் தமிழ், அம்மனின் பெயரும் அப்படியே. பலகையில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. எங்கள் குழுவில் அன்றைக்கு என்ன ஓடியது என்று பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தேன். கிரிக்கெட், ஒரு கல்யாணப் பத்திரிகை, முட்டி வலிக்கு வைத்தியம்.

அப்புறம் மலை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 சாயங்காலம் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு. மண்ணும் பாறையும் வீட்டின் மேலே வந்து இறங்கியதில் ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். இந்த மலையைத்தான் நாம் சிவன் என்கிறோம். அந்தச் சரிவில் யார் வீடு கட்டுகிறார்கள்? ஊருக்குள் மனை விலை ஏறியபிறகு, கீழே இடம் கிடைக்காதவர்கள். பக்தர்களுக்கு பூ கட்டுகிறவர்கள், இட்லி விற்கிறவர்கள், அறைகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள். ஓட்டுக் கேட்க எல்லாக் கட்சியும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தத் தெருக்களில் ஏறும். மழைக்காலத்தில் ஏறுவதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13-ம் தேதி தீபம். அந்த இடைவெளியில் ஊரின் பெரிய கேள்வி, பக்தர்களை மலை ஏற விடுவார்களா மாட்டார்களா என்பது. நிபுணர் குழு வந்து பார்த்தது, மண் நிலையாக இல்லை என்று பக்தர்களை விடவில்லை. அதற்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா. மரபு போச்சு, சம்பிரதாயம் போச்சு, இந்துக்களுக்கு அநியாயம் என்றெல்லாம். 2,668 அடி மலைமேல் கொப்பரை வழக்கம்போல ஏறியது, தீபமும் எரிந்தது. அதை எல்லா மொழிக்காரர்களும் பார்த்தார்கள். அந்த ஐந்து குழந்தைகளுக்காக, சரிவில் இன்னமும் தூங்குகிற மற்ற குழந்தைகளுக்காக, ஒரு பலகை அளவுக்குக்கூட நாம் சண்டை போடவில்லை. நானும் போடவில்லை.

பெயருக்குச் சண்டை போடுவது ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதில் செலவு இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பகைக்கவேண்டாம், சொந்த சாதிக்காரனைக் கேள்வி கேட்கவேண்டாம், கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுவோடு நிற்கவேண்டாம். நாளைக்கே பஸ் ஏறிப் போய்விடுகிற ஒரு யாத்ரீகரை முறைத்தால் போதும், வீரன் ஆகிவிடலாம். அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது, திருப்பித் திட்ட மொழியும் கிடையாது. தென்முடியனூரிலோ வ.உ.சி. நகரிலோ போய் நின்றால் நம் ஆள்களே நம்மை முறைப்பார்கள். அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான் பலகையைப் பிடித்துத் தொங்குகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மழைக்கு முன்னால், வ.உ.சி. நகரிலிருந்து மலையைப் பார்த்து ஒரு படம் எடுத்து அதே குழுவில் போட்டேன். “இந்த வருஷம் மழை பெய்தால் இவர்களை எங்கே தங்கவைக்கப் போகிறார்கள்? யாராவது சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகலாமா?” என்று கேட்டிருந்தேன். நாற்பத்தியொரு பேர் பார்த்ததாகக் காட்டியது. ஒன்றரை மணிநேரம் கழித்து ஒருவர் பதில் போட்டார். தாமரைப்பூ, கோபுரம், உதிக்கிற சூரியன் எல்லாம் வைத்த ஒரு இனிய காலை வணக்கம். கீழே ‘அருள்மிகு திருவண்ணாமலை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.